பழைய கடைவீட்டுக்கு சிமெண்டு பூசும் முன்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பூட்டிக் கிடக்கும் கடைவீட்டை (கீழே கடை, மாடியில் வீடு) ஓவியக்கூடமாகவோ நாடகப் பயிற்சிக்கான இடமாகவோ மாற்றப் போகிறோம் என்று யாராவது சொன்னால், சுவருக்கு என்ன பூசப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் சிமெண்டு என்பார்கள். அங்கேதான் கெடுகிறது.

இந்த ஊர்ப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறும். கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதை மாவாக உதிர்த்துவிடும். எமல்ஷன் பெயிண்ட்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும்.

எங்கள் மாமாவின் கடையைப் பிள்ளைகளுக்கான வாசிப்பிடமாக மாற்றியபோது பட்டுத் தெரிந்துகொண்டது இது. "இனி கவலையே இல்லை தம்பி" என்று சொல்லி, மேஸ்திரி இடுப்பளவுக்கு சிமெண்டு பூசிவிட்டுப் போனார். மூன்றே வருஷத்தில் ஈரக்கறை தோளுயரத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் பூசியதையெல்லாம் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். முதலிலேயே செய்திருந்தால் செலவு பாதிதான்.

கடைவீடு முன்புறம் ஒடுங்கி, உள்ளே நீளமாகப் போகும். வெளிச்சமும் காற்றும் வருவது நடுவில் உள்ள வானம் பார்த்த முற்றத்தின் வழியாக. இடம் வீணாகிறது என்று அதற்குக் கூரை போட்டு மூடினால், பட்டப்பகலிலும் விளக்கும் ஏர்கோனும் ஓட வேண்டியதுதான். ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டிப்போவைப் போய்ப் பாருங்கள். 1947இல் கட்டிய பஸ் டிப்போ, 2014இல் கலைவெளியாகத் திறந்தது. கூரை போன பகுதியை அப்படியே திறந்தவெளியாக விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் பிள்ளைகள் ஓடி விளையாட அந்தப் புல்வெளிதான்.

மாடியில் பலகைத் தளம். ஒரு குடும்பம் புழங்குவதற்குப் போட்டது. அங்கே இருபது பிள்ளைகள் ஒரே தாளத்தில் தட்டடவு போட்டால் என்ன ஆகும்? உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், கரையான் அரித்திருந்தாலும் கீழிருந்து தெரியாது. பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை நடன வகுப்பைக் கீழேயே வையுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மாநகர் மன்றத்திடமும் பொம்பாவிடமும் (தீயணைப்புத் துறை) குத்தகையில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சுவரைவிட எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000இல் முழுதாக விலகியதும், நகரின் நடுவே தலைமுறையாக இருந்த பலர் வாடகை கட்ட முடியாமல் கிளம்பிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டில் 'சமூக வெளி' என்று பலகை மாட்டுகிறோம். மிஞ்சியிருக்கும் பக்கத்துக் கடைக்காரர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டபோது பூக்கடை அக்கா சொன்னார்: "கடையில கழிப்பறை இல்ல தம்பி. உங்களோடத பகல்ல திறந்து வச்சா போதும்."