அப்பா அம்மாவோடு நடக்க ஒரு பழைய ரயில் பாதை

விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்குப் போகிறீர்களா? ஒரு காலைப் பொழுதை அங்குள்ள பழைய கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில் பாதைக்கு ஒதுக்குங்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ரயில் ஓட்டம் நின்றது. தண்டவாளங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு, 24 கிலோமீட்டர் வழித்தடம் இப்போது நடைபாதையாக இருக்கிறது.

முழுவதும் நடக்க வேண்டாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, சாலைக்கு மேலே போகும் இரண்டு இரும்புப் பாலங்களையும் கடந்து ரயில் மால் என்ற கடைவரிசை வரை போங்கள். நிதானமாக ஒரு மணி நேரம் போதும். திரும்புவதற்கு ஹில்வியூ எம்ஆர்டி பக்கம்தான். ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் பாதை சமமாகவே போகும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த என் அப்பா, பாலத்தில் விட்டுவைத்திருக்கும் தண்டவாளத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

ஏழரை மணிக்குள் தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் சிரமம். தண்ணீர் கையில் இருக்கட்டும், வழியில் கடை அரிது. மழை பெய்த மறுநாள் பிடிப்புள்ள காலணி வேண்டும். குரங்குகள் வரும், உணவு கொடுக்காதீர்கள். அங்கே அது சட்டப்படி குற்றம். அப்புறம், சைக்கிள்களுக்கு வழிவிட்டு இடது ஓரமாக நடங்கள்.