ரீமேப்புக்கு முன் ஹோஸைத் தடவிப் பாருங்கள்

டர்போ காரை ரீமேப் செய்ய, அதாவது பவர் கூடும்படி எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்ற, பணம் கட்டும் முன், எஞ்சின் ஆறியதும் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸின் கிளாம்ப் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக ஒட்டினால் அங்கே காற்று கசிய வாய்ப்புண்டு. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இழுக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கசிவோடு ரீமேப் செய்தால் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூடும், கசிவும் கூடும், டர்போ வீணாகச் சுழலும். கிளாம்பை மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.

அப்புறமும் பவர் போதவில்லையா? சரி, வேறு பாகம் எதையும் மாற்றாமல் செய்யும் ஸ்டேஜ் 1 ரீமேப் போதும். எஞ்சினின் பழைய மென்பொருள் ஃபைலைப் பிரதி எடுத்துக் கையில் தராத கடைக்கு, கோயம்புத்தூரில் எவ்வளவு பேர் சொன்னாலும், நான் போகமாட்டேன். வாரண்டி முடியாத வண்டிக்கும், கிளட்ச் ஏற்கெனவே சிலிப் ஆகும் வண்டிக்கும் ரீமேப்பே வேண்டாம்.