குறுக்கெழுத்தில் வழுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் சனிக்கிழமைகளில் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில் ஒருநாள் பலகையில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்து, "கழுத்தில் விழும் பொழுது (2)" என்று குறிப்பு எழுதினேன்; அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. வகுப்பில் பாதிப் பேர் பெரியவர்கள். வீட்டில் ஆங்கிலம், கோயிலில் தமிழ் என்று வளர்ந்தவர்கள். யோசிக்கவே இல்லை, எல்லோரும் "தாலி!" என்றார்கள். தாளில் பேனாவால் எழுதியும் விட்டார்கள். அடுத்து மேலிருந்து கீழ் ஒரு குறிப்பு: கட்சியை நடத்துபவர், நான்கு எழுத்து. "தலைவர்" என்று ஓர் அம்மா மெல்லச் சொன்னார். ஆனால் அவருடைய இரண்டாவது கட்டத்தில் ஏற்கெனவே "லி" உட்கார்ந்திருந்தது. அங்கே "லை" எப்படி வரும்? தாலியை அடிக்க மனம் வராமல் தலைவரை விட்டுவிட்டார்கள்.

விடை மாலை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. நம்மை "விழும்பொழுது" என்று சேர்த்துப் படிக்க வைப்பதுதான் அந்தக் குறிப்பின் குறும்பு.

நாளிதழில் வரும் ஆங்கிலக் குறுக்கெழுத்தைப் பல வருடமாகப் போட்டுவருகிறேன். அங்கே நான் செய்த தவறுகளில் பாதி இதே தாலிதான். முதலில் தோன்றியதை எழுதிவிடுவது, அப்புறம் அதற்கு மற்றதையெல்லாம் வளைப்பது. விடை தோன்றுவது ஒன்று. அது ஏன் விடை என்று சொல்ல முடிவது வேறு. இரண்டாவது கைக்கு வரும்வரை பென்சிலில், சின்ன எழுத்தில், மூலையில் எழுதி வைத்தால் போதும்.

கிரிப்டிக், அதாவது பொருளை மறைத்து வைக்கும் வகைப் புதிரில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, குறிப்பைக் கதை போலப் படிப்பது. அது கதை இல்லை. இரண்டு துண்டை ஒட்டி வைத்த வாக்கியம். ஒரு துண்டு விடையின் பொருள். இன்னொன்று விடையைச் செய்யும் முறை. பொருள் அநேகமாக வாக்கியத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. இதைப் பாருங்கள்: "மாமரத்தில் ஓட்டை போட்டால் இன்னொரு பழம் கிடைக்கும் (3)". மாமரம் என்றால் மா. ஓட்டை என்றால் துளை. சேர்த்தால் மாதுளை. மரங்கொத்தியையோ கோடரியையோ தேடிப் போனால் கிடைக்காது. இன்னொன்று: "உடைந்த கதவில் ஒரு தகுதி (3)". உடைந்த என்ற சொல் எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறது. கதவைக் கலைத்தால் தகவு. தக்கார் தகவிலர் என்று குறளில் வருகிறதே, அந்தத் தகவு. "தகுதி" என்று முடிகிறதே, விடை அதற்குச் சமமான சொல்லாகத்தான் இருக்கும் என்று முதலில் கோடு கிழித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

கோடு எங்கே விழும் என்பதில்தான் விளையாட்டு. ஆங்கிலத்தில் "டாக்டர்" என்ற சொல் வந்தால் நாம் உடனே "டி.ஆர்." என்றோ "எம்.ஓ." என்றோ இரண்டு எழுத்தைப் போட்டுவிடுகிறோம். அதே சொல்லுக்கு "திரித்துவிடு" என்ற வினைப்பொருளும் உண்டு. அப்போது அது எழுத்துகளைக் கலைக்கும் கட்டளை. "ஃப்ளவர்" என்று பார்த்தால் பூ என்றே நினைப்போம். "ஃப்ளோ", அதாவது ஓடுவது, அதிலிருந்து வந்த சொல்லாக அதைப் படித்தால் ஓடுகிற ஆறு. பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் இது. இருந்தாலும் மாதம் ஒருமுறையாவது என்னைக் கவிழ்த்துவிடும்.

டாக்டருக்கு டி.ஆர். என்பது போன்ற துண்டுகளின் பட்டியலை மனப்பாடம் செய்வது நல்லதுதான். அதையே நம்பி இருப்பதுதான் ஆபத்து. மாலுமி என்றால் டார், ஜாக், ஏ.பி. என்று மூன்று சொல்லத் தெரியும். ஆனால் இன்றைய குறிப்பில் மாலுமி வெறும் மாலுமியாக, விடையின் பொருளாகவே நிற்கலாம்.

இனி நம் ஊருக்கே உரிய வழுக்கல். கிரிப்டிக் வளர்ந்தது பிரிட்டனில். இங்கே வரும் பல புதிர்களும் அந்த மரபில்தான் நடக்கின்றன. குறிப்பில் டிசம்பர் வந்தால் புதிரை உருவாக்கியவருக்கு அது பனிக்காலம். நமக்கு வியர்வை ஊற்றும் மாதம். அக்டோபர் அவர்களுக்கு இலை உதிரும் காலம், நமக்கு வசந்தம். "ரோபோ" என்று வந்தால் நம் மனம் தெருமுனைச் சிக்னல் விளக்குக்குப் போகும், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில் அதன் பெயரே அது. லண்டன்காரருக்கு அது இயந்திர மனிதன் மட்டும்தான். "நம் நாடு" என்று இருந்தால் யாருடைய நாடு என்று கேட்டுக்கொள்ள வேண்டும், யூ.கே. என்று எழுத வேண்டிய இடத்தில் நான் எஸ்.ஏ. என்று எழுதி ஒரு மூலையையே கெடுத்திருக்கிறேன். அதே எஸ்.ஏ. "இட்" என்ற ஒரே சொல்லுக்கு விடைத்துண்டாக வரும். "இட்" என்றால் கவர்ச்சி, "செக்ஸ் அப்பீல்" என்பதன் சுருக்கம் எஸ்.ஏ.; பழைய ஆங்கில வழக்கு. இதை யாரும் சொல்லித் தராமல் ஒருவர் கண்டுபிடிக்கவே முடியாது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. 1961 பிப்ரவரியில் ராண்ட் வருவதற்கு முன்பு பவுண்டு, ஷில்லிங், பென்னியில் மளிகை வாங்கியவர். "பழைய காசு" என்று குறிப்பில் வந்தால் உடனே "டி" என்பார், ஏனென்றால் பென்னியை அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு அதைப் பட்டியலில் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

நமக்கும் சலுகை இல்லாமல் இல்லை. பழைய மாகாணம், பிறப்பு சம்பந்தப்பட்டது, ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து என்றால் நேட்டால். 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா இந்தக் கரையைக் கடந்தபோது பிறப்பு நாளை நினைத்து வைத்த பெயர். எங்கள் தெருவில் இது யாருக்கும் கஷ்டமில்லை. கேட்டமரன், மல்லிகட்டானி, செரூட் எல்லாம் கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு என்று வீட்டுக்குள் இருக்கும் சொற்கள். இவற்றைத் தெரிந்துகொண்டே கோட்டைவிடுகிறோம், "ஆங்கிலப் புதிரில் தமிழ் வருமா" என்ற தயக்கத்தால்.

இலக்கணத்தைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. குறிப்பில் பொருள் இறந்த காலத்தில் இருந்தால் விடையும் இறந்த காலத்தில். பன்மை என்றால் பன்மை. ஆங்கிலத்தில் பன்மை என்று தெரிந்ததுமே கடைசிக் கட்டத்தில் "எஸ்" போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு; எஸ் இல்லாத பன்மைகள் எத்தனை! அடைப்புக்குள் இருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும். (3,4) என்பது ஏழெழுத்துச் சொல் இல்லை, இரண்டு சொற்கள்.

தமிழ்க் கட்டத்துக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து. புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம். ஆங்கிலத்தில் 26 எழுத்தில் ஒன்று கிடைத்தால் அது சின்னத் துப்பு. தமிழில் 247 எழுத்தில் ஒன்று கிடைத்தால் அது பெரிய துப்பு. "ளை" என்று முடிகிறது என்று தெரிந்தாலே பாதி அகராதி கழிந்துவிடும். ஆனால் அதற்கு அந்த எழுத்து துல்லியமாக இருக்க வேண்டும். மாலைப் பாடசாலையில் தமிழ் படித்த எங்களுக்கு ல, ள, ழ மூன்றும் வாயில் ஒன்றுதான். கிளியைக் "கிலி" என்று எழுதினால் பறவை பயமாகிவிடும். குறுக்கே வரும் சொல் நிற்கவே நிற்காது. சொல் ஏன் பொருந்தவில்லை என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, முதலில் எழுத்தைச் சந்தேகப்படுவது மலிவு. வேற்றுமை உருபும் ஏமாற்றும். குறிப்பு "ஆற்றில்" என்று சொல்லும். கட்டத்துக்குள் போக வேண்டியது ஆறு.

சரி, கட்டம் நிரம்பிவிட்டது, அல்லது நிரம்பவில்லை. மறுநாள் விடை வருகிறது. இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள் என்பது என் கட்சி. விடையைப் பார்த்து "அட, இதுவா" என்று தலையில் தட்டிக்கொண்டு தாளைக் கசக்கிவிடுகிறோம். விடையைப் பார்ப்பது சரிபார்ப்பு அல்ல. குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் விடையில் என்ன வேலை செய்தது என்று கணக்குத் தீர்ப்பதுதான் சரிபார்ப்பு. நாமே சரியாகப் போட்டவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். குறுக்கே வரும் எழுத்துகளின் தயவால் குருட்டாம்போக்கில் விழுந்த விடைகள் அதில் நிறைய இருக்கும். அவை நாம் அவிழ்த்தவை அல்ல.

தாத்தா ஸ்டூப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், உட்கார்ந்து ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைப்பார். விடையை எழுதமாட்டார். தவறிய காரணத்தை எழுதுவார்: "சொல்லே தெரியாது", "சொல் தெரியும், பொருள் எந்த முனை என்று தெரியவில்லை", "கலைக்கும் சொல்லைக் கவனிக்கவில்லை". இரண்டு மாதம் போனதும் எண்ணிப் பார்த்தாராம். சொல் தெரியாததால் தவறியவை கொஞ்சம்தான். அதுவரை அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதவர், பிறகு அகராதியை உள்ளே வைத்துவிட்டார்.

புதிரை உருவாக்கியவரைத் திட்டுவதும் சரிபார்ப்பு ஆகாது. எனக்குத் தெரியாத சொல் என்பதால் குறிப்பு மோசமானது என்று ஆகிவிடாது. மோசம் என்று சொல்ல வேறு காரணம் வேண்டும்: குறிப்பில் எந்த வேலையும் செய்யாத சொல் தொங்குகிறது, அல்லது அரிய சொல்லைப் போட்டுவிட்டு அதைக் கடக்கும் சொற்களையும் அரிதாகவே வைத்திருக்கிறார், அல்லது இரண்டு விடை சமமாகப் பொருந்துகிறது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துப் புதிரிலேயே புறாவைக் குறிக்கும் ஒரே சொல் இரண்டு முறை விடையாக வந்தது. குறை சொல்ல வேண்டுமானால் அப்படிக் கையை வைத்துக் காட்ட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது நிமிடத்தில் முடித்தேன் என்று சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போடுபவர்தான் முதலில் "தாலி" எழுதுபவர். மாட்டிக்கொண்டால் தாளை வைத்துவிட்டு டீ போடப் போகலாம். மின்சாரம் போகிற நேரத்துக்கு என்று நான்கு குறிப்பை மிச்சம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திரும்ப எடுத்தால் ஏனோ இரண்டு குறிப்பாவது சட்டென்று அவிழும்.

கடைசியாக, உதவி செய்கிறேன் என்று விடையையே சொல்லிவிடுவது. காலை எட்டரைக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா கேட்பார்:

"தம்பி, பதினாலு போட்டாச்சா?"

"இல்லை தாத்தா. சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன். பொருள் கடைசியில இருக்கு, முதல்ல இல்ல. அவ்வளவுதான்."