வால்கரிக்கு வண்ணம் பூசுவது எப்படி? உருமாறும் ரோபோ வாங்கப் போகிறவர்களுக்கு

பெயின்ட் காய்ந்த பிறகு இறக்கை மடங்கவில்லை. என் முதல் வால்கரியின் கதை அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்தினேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து இழுத்த நீலக் கோடு, வெயிலில் உரிகிற முதுகுத்தோல் மாதிரி சுருண்டு வந்துவிட்டது. உருமாறுகிற பொம்மைக்கு அழகு பிறகு. முதலில் அது மடங்க வேண்டும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஜோடி இறக்கை மிச்சமாகியிருக்கும்.

முதலில், இது என்ன பொம்மை?

1982 அக்டோபரில் ஜப்பானிய டிவியில் தொடங்கிய மேக்ராஸ் அனிமேயின் போர் விமானம்தான் விஎஃப்-1 வால்கரி. வடிவமைத்தவர் ஷோஜி கவமோரி. பார்த்தவுடன் அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் ஞாபகம் வரும். வரவேண்டும் என்றுதான் அப்படி வரைந்தார்கள். இதற்கு மூன்று உருவம். விமானமாக இருந்தால் ஃபைட்டர். காலும் கையும் மட்டும் வெளியே வந்து கோழிக்குஞ்சு மாதிரி நின்றால் கெர்வாக். முழு மனித உருவம் எடுத்தால் பேட்ராய்ட். எஞ்சின்கள்தான் கால்கள். கைகள் அந்தக் கால்களுக்கு நடுவே மடங்கிக் கிடக்கும்.

டகடோகு என்ற ஜப்பானியக் கம்பெனி இதை 1/55 அளவில் செய்தது. அதே பொம்மைதான் 1985இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டிக்குள் ஜெட்ஃபயர் என்ற பெயரில் வந்தது. அதனால் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தெரியும், மேக்ராஸ் தெரியாது' என்பவர்களுக்கும் இது தூரத்துச் சொந்தம்தான்.

எந்த அளவு வாங்குவது?

கதையில் இந்த விமானத்தின் நீளம் 14.23 மீட்டர். அதை அளவால் வகுத்தால் போதும். 1/100 என்றால் சுமார் 14 சென்டிமீட்டர், 1/72 என்றால் சுமார் 20, 1/60 என்றால் 24, 1/48 என்றால் 30. எட்டு சென்டிமீட்டர் அலமாரி வைத்துக்கொண்டு 1/48 ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இறக்கையை விரித்தால் அகலமும் வேண்டும்.

என் கட்சி 1/60. 1/100 அழகுதான், ஆனால் என் விரலுக்கு அதன் கை மூட்டு சீரகம் மாதிரி. 1/48 விலையைப் பார்த்தால் பெயின்ட் பிரஷ்ஷைத் தொடவே கை வராது. கெடுத்துப் பழக மனசு வருகிற விலையில் முதல் பொம்மை இருக்க வேண்டும். அதனால் 1/60க்கும் முன்னால், கடையில் கிடைக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்றை வாங்கி, அதன் மேல் இந்தப் பாடம் முழுவதையும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

இந்தியாவுக்குள் பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. கடை விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் பொம்மை விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் வரி கணக்காகும். பட்ஜெட் போடும்போதே அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பே இல்லை. படம் கேட்கும்போது மூன்று இடத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: தோள் மூட்டு, இறக்கை அடிப்பகுதி, முதுகுப் பெட்டி மடங்கும் கீல். மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் களைத்துவிட்டது என்று அர்த்தம். நான் வாங்கிய ஒன்றுக்குப் பெட்டியைப் பிரித்த அன்றே தோள் கையோடு வந்தது. விற்றவர் பதிலே போடவில்லை.

பெயின்ட்டுக்கு முன் இருபது தடவை

பொம்மை வந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். இருபது தடவை உருமாற்றுங்கள். முதல் ஐந்து தடவை வழிகாட்டித் தாளைப் பார்த்து, அடுத்து பார்க்காமல். கைக்கு வரிசை பழகும். அதைவிட முக்கியம், எந்தப் பாகம் எதை உரசுகிறது என்று காதுக்கே தெரியும். வால்கரியில் வழக்கமாக உரசுகிற இடங்கள் இவை: இறக்கை பின்னால் மடங்கும்போது உள்ளே நுழைகிற அடிப்பகுதி, கால்களின் உட்பக்கமும் அங்கே படுத்திருக்கும் கையும், பேட்ராய்டில் காக்பிட்டை மூடிக்கொண்டு வரும் கவசத்தின் விளிம்பு, இடுப்பு வந்து பூட்டிக்கொள்கிற மூக்கின் பக்கவாட்டு.

மூட்டு தொளதொள என்று இருந்தால் பந்து மூட்டின் மேல் கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகுதான், அதாவது மறுநாள்தான், திரும்ப மாட்ட வேண்டும். ஃபெவிக்விக் பூசுகிறவர்களும் உண்டு. அவசரப்பட்டால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பாகம் பனி படர்ந்த மாதிரி மங்கிவிடும். மூட்டு இறுக்கமாக இருந்தால் துளி சிலிகான் கிரீஸ். வீட்டில் கிடக்கிற மிஷின் எண்ணெய், துரு எண்ணெய் எதையும் விடாதீர்கள்; இந்தப் பொம்மைகளின் உடம்பான ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கை வெடிக்க வைத்துவிடும்.

கொலுசுப் பட்டறையிலிருந்து வந்த கருவிகள்

இந்தப் பொழுதுபோக்குக்கு சேலத்தைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது. என் மாமா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். ஆன்லைனில் 'மாடல் டூல் செட்' என்று பெட்டி போட்டு விற்கிற சாமான்களில் முக்கால்வாசி அவர் மேஜையில் கிடக்கிறது: ஊசி மாதிரி மெல்லிய அரம், நுனி வளைந்த இடுக்கி, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, கையால் திருகுகிற துளைக்கோல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீலில் இருந்த உலோக ஆணியைக் கழற்ற முடியாமல் பொம்மையை அவரிடமே கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, பொம்மைக்குக் கொலுசு போடப் போறியா?"

"இல்ல மாமா, இந்த ஆணி வெளிய வரமாட்டேங்குது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பாரு, ஆணித் தலையில பல்லு வெட்டியிருக்கான். பல்லு பிடிச்சுக்கிட்டுத்தான நிக்குது? மொழுக்குன்னு இருக்கற பக்கத்துல இருந்து தட்டுனா பல்லு பக்கமா வந்துரும். நீ பல்லு மேலயே தட்டியிருக்க."

இரண்டே தட்டு. ஆணி அவர் உள்ளங்கையில் விழுந்தது. நான் அதுவரை தப்பான பக்கம் தட்டித்தான் துளையை அகலமாக்கியிருந்தேன். எந்தப் பொம்மையிலும் ஆணியைத் தொடுவதற்கு முன் இரண்டு முனையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஸ்குரூ இருந்தால் வேலை சுலபம். திரும்ப முடுக்கும்போது கை நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் மரை போய்விட்டால் போனதுதான்.

டேப் சோதனை

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடிக்க நினைக்கிற இடத்திலெல்லாம் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். பழுப்பு நிற பேக்கிங் டேப் வேண்டாம், காகித டேப். அப்படியே ஐந்து தடவை உருமாற்றுங்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருங்கியிருக்கிற, கிழிந்திருக்கிற, அழுக்காகியிருக்கிற இடம் எல்லாம் பெயின்ட் உரியப் போகிற இடம். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மெலிதாக அடித்த பெயின்ட் டேப் அளவுக்குத் தடிமன் வராது. அதனால் டேப் தாராளமாகப் போய் வருகிற இடத்தில் பெயின்ட் பிழைத்துக்கொள்ளும்.

குறித்த இடங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எதிரே உரசுகிற உட்பக்கத்தை 600 உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து இடம் விடுவது. தேய்ப்பது வெளியே தெரியாத பக்கமாக இருக்கட்டும். இரண்டு இழுப்பு, டேப் சோதனை, மறுபடி இரண்டு இழுப்பு. இல்லையென்றால் அங்கே பெயின்ட்டே அடிக்காமல் விட்டுவிடலாம். இரண்டாவது வழி சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். இறக்கை அடிப்பகுதியில் நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன். வழவழவென்று எண்ணெய் தடவின மாதிரி இருக்கும் மூட்டுப் பாகங்கள் பெரும்பாலும் பிஓஎம் பிளாஸ்டிக். அதில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. அதையும் விட்டுவிடுங்கள்.

கழுவி, தேய்த்து, அடிப்பது

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கைப்பிசுக்கு போக வேண்டும், அவ்வளவுதான். காய்ந்ததும் 1000 உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, பிறகு பிரைமர் (கலர் பிடிக்க அடியில் அடிக்கிற பூச்சு), பிறகு கலர். ஒரே அடியில் மூடப் பார்க்காதீர்கள். முதல் பூச்சு அடித்ததும் 'என்ன, ஒன்றுமே பிடிக்கவில்லையே' என்று தோன்ற வேண்டும். மூன்றாவது பூச்சில் கலர் நிற்கும். ஸ்ப்ரே கேன் போதும், ஏர்பிரஷ் இப்போதைக்குத் தேவையில்லை. மூக்குக்கு நல்ல மாஸ்க் கட்டாயம்.

நம் ஊரில் எப்போது அடிப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஏப்ரல் மாத மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, பொம்மை மேல் ரவை தூவின மாதிரி சொரசொரவென்று உட்காரும். சேலத்தில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பயந்து நான் ஒரு கார்த்திகை மாதம் மேலே போனேன். அத்தை வீடு ஏற்காட்டில். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், சாயந்திரம் நாலரைக்கு வராந்தாவில் கிளியர் கோட் அடித்தேன், கலருக்கு மேல் காப்பாக அடிக்கிற நிறமில்லாத பூச்சு. பத்து நிமிஷத்தில் சேர்வராயன் மலைப் பனி இறங்கியது. கறுப்பு மூக்கு பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. பெயின்ட்டில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கே தண்ணீராகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அத்தை பார்த்துவிட்டு, "ஏன்டா, கஞ்சியில முக்கி எடுத்தியா?" என்றார். கீழே கொண்டு வந்து ஒரு நாள் காய வைத்து, வெயில் ஏறாத உலர்ந்த காலையில் அதே கிளியர் கோட்டை மெலிதாக இன்னொரு தடவை அடித்ததும் வெள்ளை பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஏற்காட்டில் அடித்தே தீர வேண்டும் என்றால் வெயில் அடிக்கிற மத்தியானமாகப் பாருங்கள்.

கோடும் ஸ்டிக்கரும்

தகடு இணைப்புக் கோடுகளில் கலர் ஏற்றும்போது வெள்ளை விமானத்துக்குச் சாம்பல் நிறம் எடுங்கள். கறுப்பு எடுத்தால் கோலம் போட்ட மாதிரி ஆகிவிடும். எனாமல் பெயின்ட்டைத் தின்னரில் கரைத்து ஓட விடுகிற வழியை வீடியோக்களில் பார்ப்பீர்கள். கிளியர் கோட் அடிக்காத ஏபிஎஸ் மேல் அதைச் செய்தால் தின்னர் உள்ளே இறங்கி, இறுக்கமாகத் திருகியிருக்கும் இடத்தில் விரிசல் விடும். முதலில் கிளியர், பிறகு கோடு.

டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய ஸ்டிக்கர், ஒட்டுவது பொறுமை வேலை. தண்ணீரில் இருபது விநாடி, தாளோடு வெளியே எடுத்து, தானே நகரும் வரை காத்திருந்து, ஈரப் பிரஷ்ஷால் தள்ளி உட்கார வைப்பது. சொந்த டெக்கால் வேண்டும் என்றால் இன்க்ஜெட் பிரின்டரில் அடிக்கிற டெக்கால் தாள் கிடைக்கிறது. அடித்ததும் மேலே கிளியர் அடிக்காமல் தண்ணீரில் போட்டால் மை ஓடிவிடும். பிரின்டருக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது, அதனால் வெளிர் எழுத்துக்கு வெள்ளைத் தாள் வாங்க வேண்டும்.

மேக்ராஸ் கதையின் விமானி ராய் ஃபோக்கரின் மஞ்சள் கறுப்புக் கோடும் வால் மேல் மண்டை ஓடும்தான் எல்லோரும் முதலில் போடுவது. நானும் போட்டேன். இரண்டாவது விமானத்தில் குண்டு மாம்பழ மஞ்சள் பட்டை, வாலில் சேலம் வண்டி நம்பரான டிஎன் 30, மூக்கில் ஏற்காட்டு வளைவுக் கணக்குக்காக 20. மடிகிற இடத்தின் மேல் டெக்கால் வந்தால் காய்ந்த பிறகு புது பிளேடால் மடிப்பு ஓரமாகக் கீறிவிடுங்கள். இல்லையென்றால் முதல் உருமாற்றத்திலேயே கிழியும். கடைசியாக மேட் டாப்கோட் (பளபளப்பில்லாத மேல்பூச்சு), பென்சிலால் குறித்த உரசும் இடங்களை மட்டும் டேப்பால் மறைத்துவிட்டு.

முழுதாக ஒரு வாரம் காய விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதும் உருமாற்றும் அளவுக்குக் காய்ந்திருப்பதும் வேறு வேறு. ஒரு வாரம் கழித்து முதல் தடவை மடக்கும்போது அடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். உதிர்கிற பெயின்ட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வசதி.

வைக்கிற இடம்

ஜன்னல் வெயில் படக் கூடாது, வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். மெத்தென்று இருக்கும் பிவிசி ரப்பர் பொம்மைகளோடு ஒட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து கசிகிற எண்ணெய் பெயின்ட்டைப் பிசுபிசுப்பாக்கும். மேல் மாடி வீடாக இருந்தால் கோடையில் பீரோ உச்சியில் வைக்க வேண்டாம், தளத்துச் சூடு நேராக இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வேறு உருவத்துக்கு மாற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது கெர்வாக்கில் நிற்கிறது, தட்டுவடை டப்பாவுக்குப் பக்கத்தில்.