இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறீர்களா? கமெண்டுக்குப் பதில் எழுதும் முறை

புதுச் சேலையின் படத்தைப் போட்டதும் "விலை?" என்று ஒரு கமெண்ட் வரும். அதற்கு "டிஎம் பண்ணுங்க" (தனிச் செய்தி அனுப்புங்க) என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். கேட்டவர் ஒருவர்தான். அதே கேள்வியோடு கமெண்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள் பலர். உங்கள் பதில் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

1. விவரத்தைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள்

"850 ரூபாய், கூரியர் 60, ப்ளவுஸ் துணி உண்டு, கேஷ் ஆன் டெலிவரி இல்லை." இவ்வளவு போதும். எழுதியும் கேட்பார்கள், "மேலேயே போட்டிருக்கே" என்று சொல்லாமல் மறுபடி சொல்லுங்கள். சாயம் போகுமா என்பது போன்ற நல்ல கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, அந்தக் கமெண்ட் எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். ஒரு பதிவில் மூன்று கமெண்ட் வரை பின் செய்யலாம்.

2. ரெக்வெஸ்ட் பகுதியைக் காலையும் மாலையும் பாருங்கள்

நீங்கள் ஃபாலோ செய்யாதவர்கள் அனுப்பும் டிஎம் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். புது வாடிக்கையாளர் அநேகமாக அந்த வழியாகத்தான் வருவார்.

3. தயார் பதில்களை அளவாக வையுங்கள்

வாடிக்கையாளரோடு வாட்ஸ்அப்பிலும் பேசுகிறீர்கள் என்றால், வாட்ஸ்அப் பிசினஸில் 'குவிக் ரிப்ளை' என்ற வசதி உண்டு. கூரியர் விவரம், துவைக்கும் முறை போன்றவற்றை ஒருமுறை எழுதி வைத்தால், சாட்டில் '/' தட்டியதும் வந்து நிற்கும். பச்சையில் இருக்கிறதா என்று கேட்டவருக்குக் கூரியர் கட்டணம் போய்ச் சேர்ந்தால், நாம் படிக்கவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். முதல் வரியைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

4. புகாரை அழிக்காதீர்கள்

"போட்டோல ஒரு கலர், வந்தது வேற கலர்" என்று ஒருவர் எழுதுகிறார். அழித்தால் அடுத்த பதிவில் இன்னும் கோபமாக வருவார். அங்கேயே, எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்: "மன்னிக்கணும் மேடம். சேலையைத் திரும்ப எடுத்துக்கறோம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள இந்த அக்கவுன்ட்ல இருந்தே டிஎம் பண்றோம்."

வருத்தம், செய்யப்போவது, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஆர்டர் எண்ணையோ போன் நம்பரையோ கமெண்டில் கேட்கவே கூடாது. கடையின் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்துப் போலிக் கணக்கு திறப்பவர்கள், இப்படிப் புகார் சொல்பவர்களைத் தேடிப் பிடித்து "பணம் திருப்பித் தர்றோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை டிஎம்மில் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பியதும் அதே கமெண்டின் கீழ் "அனுப்பிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். பலர் மறக்கும் வேலை இது. அந்த வரி இல்லாவிட்டால், பின்னால் வந்து படிப்பவருக்குப் புகார் மட்டுமே கண்ணில் படும்.

நிறப் புகார் அடிக்கடி வந்தால் கோளாறு படம் எடுப்பதில் இருக்கலாம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மாறித் தெரியும். ஃபில்டர் போடாமல், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

5. வெறும் வசவுக்கு 'ரெஸ்ட்ரிக்ட்'

திட்டுவதற்கென்றே வருபவரை பிளாக் செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ரெஸ்ட்ரிக்ட் செய்தால், நீங்கள் அனுமதிக்கும்வரை அவருடைய புது கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். கடுமையாகப் பேசினாலும் புகார் உண்மையாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அவருக்கு நான்காவது படிதான்.