காலையில் டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதா?

முதலில் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. பெரும்பாலும், ஸ்டார்ட் ஆகும்முன் எஞ்சின் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்தான் காரணம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக் வயரைக் கழற்றி, பிளக் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல பிளக் பொதுவாக 2 ஓமுக்குள் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் அந்தப் பிளக் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தால், பிளக்குகளுக்குக் கரன்ட் அனுப்பும் சுவிட்சான ரிலேயிலிருந்து கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். ரிலே கோளாறுக்கு எல்லாப் பிளக்கையும் மாற்றுவது வீண் செலவு.

புகையே இல்லையா? டீசல் வரவில்லை. ராத்திரியில் லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். ஃபில்டர் மேல் கை பம்ப் இருந்தால், இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் ஃபில்டர் சீல், ஹோஸ் கிளிப்புகளில் கசிவைத் தேடுங்கள். காற்றை இழுக்கும் கசிவு என்பதால் வெளியே ஈரம் தெரியாமலும் இருக்கும்.

ஸ்டார்ட்டரே சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் கவனியுங்கள். டீசல் பற்றுவது அழுத்தச் சூட்டில். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது.

அப்புறம், எஞ்சினைக் கிளப்ப அடிக்கும், சட்டெனப் பற்றும் ஈத்தர் ஸ்பிரே மட்டும் அடித்துவிடாதீர்கள். சூடான குளோ பிளக்கில் பட்டால் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.