வெயிட் குறைய சூப் வைக்கிறீங்களா? கார்ன்ஃப்ளார் டப்பாவ முதல்ல மூடி வைங்க

ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன், எந்த சூப்பும் கொழுப்ப கரைக்காது. வாழைத்தண்டு கரைக்கும், கொள்ளு கரைக்கும்னு ஆளாளுக்கு சொல்வாங்க, ஆனா சூப் செய்ற வேலையே வேற. சாப்பாட்டுக்கு முன்னாடி சூடா ஒரு டம்ளர் உள்ள போனா வயித்துல இடம் அடைஞ்சிடும், அப்புறம் தட்டுல உட்காரும்போது மூணாவது கரண்டி சோறு தோணாது. 2007ல அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில இத டெஸ்ட் பண்ணி பாத்தாங்க, மதியம் சாப்பிடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி காய்கறி சூப் குடிச்சவங்க, அந்த சூப்போட கலோரியையும் சேத்தே மொத்தத்துல 20 சதவீதம் கம்மியா சாப்பிட்டாங்க. காய் துண்டா கிடந்தாலும் சரி, அரைச்சு விட்டாலும் சரி, பெரிசா வித்தியாசம் இல்ல.

அதனால நேரம் முக்கியம். நம்ம வீடுகள்ல ராத்திரி சாப்பாடுதான் கை மீறி போகும், டிவி பாத்துட்டே எத்தன தோசைன்னு கணக்கே இருக்காது. எட்டு மணிக்கு சாப்பிடறவங்க ஏழே முக்காலுக்கு சூப் குடிங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிஸ்கட்டோட குடிச்சா அது டீ குடிச்ச மாதிரிதான்.

அடுத்தது கார்ன்ஃப்ளார். ஹோட்டல் சூப் கொழகொழன்னு இருக்கறது அதாலதான், வெறும் ஸ்டார்ச், பசியும் அடங்காது. மேல மிதக்குற வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 100 கலோரி, ஆனா 100 கிராம் சுரைக்காய்ல மொத்தமே 15 கலோரி பக்கம்தான், அப்ப எது எத கெடுக்குதுன்னு பாத்துக்கோங்க. கெட்டியா வேணும்னா பாசிப்பருப்பு போடுங்க. ரெண்டு பேருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் போதும், நல்லா குழைஞ்சு சூப்ப கெட்டியாக்கும், புரதமும் கிடைக்கும்.

வாழைத்தண்டுல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து நறுக்க சோம்பல்பட்டு ஃப்ரிட்ஜ்ல காயவிடுறது இதத்தான். மேல் பட்டைய உரிச்சுட்டு உள்ள இருக்கற வெள்ளைத் தண்ட வட்டமா நறுக்குங்க, ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவுல நார் நூல் மாதிரி வரும், அத ஆள்காட்டி விரல்ல சுத்திகிட்டே வாங்க, மோதிரம் மாதிரி சேந்துடும். அப்புறம் பொடியா நறுக்கி உடனே மோர் கலந்த தண்ணில போட்டுடணும், இல்லன்னா கறுத்துடும். ஒரு கப் தண்டு, ரெண்டு ஸ்பூன் பாசிப்பருப்பு, அஞ்சாறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, துளி மஞ்சள்தூள், மூணு டம்ளர் தண்ணி, குக்கர்ல நாலு விசில். ஆறினதும் பாதிய எடுத்து மிக்ஸில அரைச்சு திரும்ப ஊத்துங்க, முழுசா அரைச்சா கடிக்க ஒண்ணும் இருக்காது. வடிகட்டவும் வேணாம், நார்ச்சத்துதான் இங்க முக்கியம், அத வடிகட்டி கீழ கொட்டிட்டு வெறும் தண்ணிய குடிச்சா அரை மணில பசிக்கும். மிளகு சீரகம் ஒண்ணுக்கு ஒண்ணு தட்டி போட்டு ஒரு கொதி விட்டு இறக்கி கொத்தமல்லி தூவிடுங்க. எண்ணெயே வேணாம் இதுக்கு.

முருங்கைக்கீரைக்கு உருவுற வேலைதான் பெரிசு. முந்தின நாள் ராத்திரியே கட்ட ஒரு துணில சுத்தி வச்சிட்டீங்கன்னா காலைல உதறினாலே பாதி இலை உதிர்ந்துடும். அரை ஸ்பூன் எண்ணெய்ல சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கி, அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணிய ஊத்தி, கொதிச்சதும் ரெண்டு கைப்பிடி கீரைய போட்டு மூடாம வேக விடுங்க, மூடி வச்சா நிறம் மாறிடும். வேக வச்ச பருப்பு ஒரு கரண்டி இருந்தா கலந்துக்கோங்க.

கொள்ளுக்கு வருவோம், இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு பெரியவங்க சொன்னதுல விஷயம் இருக்கு, எள்ளுல கிட்டத்தட்ட பாதி எண்ணெய், கொள்ளுல கொழுப்பு ரொம்ப ரொம்ப கம்மி, 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரதம். நாலு ஸ்பூன் கொள்ள வாசம் வர வரைக்கும் வறுத்து ராத்திரி ஊற வச்சு ஏழு விசில் விடுங்க, ரெண்டு ஸ்பூன் கொள்ள அப்படியே எடுத்து வச்சிட்டு மிச்சத்த வெந்த தண்ணியோட அரைச்சு, தக்காளி, பூண்டு, மிளகு, கறிவேப்பிலை சேத்து ரசம் மாதிரி நுரை கட்டினதும் இறக்கிடுங்க. எடுத்து வச்ச கொள்ள மேல போட்டு மென்னு சாப்பிடுங்க.

சுரைக்காய்ல சூப் வைக்கறவங்க தயவுசெஞ்சு ஒரு சின்ன துண்ட நாக்குல வச்சு பாத்துட்டு வைங்க, கசந்துச்சுன்னா உடனே துப்பிட்டு அந்த காயவே தூக்கி போட்டுடுங்க. கசக்குற சுரைக்காய்ல நச்சு இருக்கும், வேக வச்சாலும் போகாது, வாந்தி வயித்துப்போக்குன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும். கசப்பு நல்லதுன்னு மூக்க புடிச்சுட்டு குடிக்கற விஷயம் இல்ல இது.

சிக்கன் சூப் வைக்கறவங்க தோல எடுத்துட்டு வேக வச்சு, ஆற வச்சு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலைல கொழுப்பெல்லாம் மேல ஆடையா உறைஞ்சு நிக்கும், அத ஸ்பூன்ல வழிச்சு எடுத்துட்டு சூடு பண்ணி குடிக்கலாம்.

உப்பு விஷயத்துல கை அடக்கமா இருங்க, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்கு கம்மியாதான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு டீஸ்பூன், அதுலதான் சாம்பாரும் ஊறுகாயும் வரணும். சூப்ல கொஞ்சம் கொறச்சு போட்டு எலுமிச்சை பிழிஞ்சா நாக்குக்கு தெரியாது.

அப்புறம், சாப்பாட்டையே விட்டுட்டு மூணு வேளையும் சூப் மட்டும் குடிக்காதீங்க. நான் ஒரு தடவ ஒரு வாரம் அப்படி இருந்து நாலாவது நாள் படி ஏறும்போது கண்ண இருட்டிகிட்டு வந்துச்சு, மறுவாரம் விட்டதுக்கெல்லாம் சேத்து சாப்பிட்டேன், குறைஞ்ச வெயிட் அப்படியே திரும்பி வந்துச்சு. சூப்புக்கு அப்புறம் ரெண்டு இட்லியோ ஒரு கரண்டி சோறு நிறைய பொரியலோ கண்டிப்பா சாப்பிடுங்க. சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க வேளைச் சாப்பாட்ட விட்டா சர்க்கரை திடீர்னு இறங்கிடும், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு வாழைத்தண்டு, கீரைல இருக்கற பொட்டாசியம் ஆகாம போகலாம், இவங்க ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுப்ப பத்த வைங்க.